பழைய கல் ஒன்றைக் கண்டால்

கல்வெட்டு, தூண், சிலை என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் கற்களெல்லாம் எங்கோ தொலைவில் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் மட்டுமே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். நம் ஊர்க் கிணற்றடியிலும் வயல் வரம்பிலும் கிடக்கும் கல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், அது மனிதர் செதுக்கியதா என்று அறிவது எப்படி? அறிந்த பின் என்ன செய்ய வேண்டும்? உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் மாணவி என்ற வகையில் நான் கற்றதையும் பார்த்ததையும் இங்கே தருகிறேன்.

மதகை மூடிய கல்

1911ஆம் ஆண்டு காலி நகரில், ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல் பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கி இருந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டிருந்தன. சீனாவின் மிங் பேரரசர் யொங்லெ காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியோடு வெட்டப்பட்ட கல் அது. அதை இங்கு கொண்டுவந்தது கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பற்படை. அவர் யுன்னான் பகுதியில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனாவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது.

இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மதகு திருத்தும்போது யாராவது அதைச் சல்லியாக உடைத்திருந்தால், இத்தனை செய்தியும் வீதிக்கு அடியில் போயிருக்கும்.

இயற்கையா, செதுக்கியதா?

நம் நாட்டுப் பாறைகளில் பெரும்பாலானவை பட்டை பட்டையாக அமைந்தவை. மென்மையான பட்டை மழையில் விரைவாகக் கரைய, கடினமான பட்டை மேடாக நிற்கும். பார்ப்பவருக்கு அது செதுக்கிய கோடுபோலத் தோன்றும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. கல்லின் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். கோடு கல்லுக்குள்ளும் பட்டையாகத் தொடர்ந்தால் அது இயற்கை. மேற்பரப்பில் மட்டும் நின்றுவிட்டால் உளி பட்டிருக்க இடமுண்டு.

உளி பட்ட கல்லில் ஒரே அளவான கொத்துகள் ஒரே திசையில் வரிசையாக இருக்கும். ஒரு முகம் வழவழப்பாகவும் சுவரில் பதியும் பின்பக்கம் கரடாகவும் இருந்தால் அது கட்டடக் கல்லாக இருக்கலாம். வெட்டின் உட்புறம் பளிச்சென்று இருந்தால் அண்மையில் வெட்டியது. சுற்றியுள்ள பரப்பைப்போலவே நிறம் மங்கிப் பாசி படர்ந்திருந்தால் வெட்டி நெடுங்காலம் ஆகியிருக்கலாம்.

எழுத்து இருக்கிறதா என்று பார்க்க உச்சிவெயில் உதவாது. காலை அல்லது மாலையில் சாய்ந்து விழும் வெயிலில் ஆழமற்ற எழுத்தும் நிழலோடு தெரியும். இரவில் டோர்ச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்தாலும் போதும்.

கிணற்றடிக் கல்

என் உம்மம்மாவின் வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஆறு சதுரக் குழிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றன. சென்ற விடுமுறையில் கிணற்றுக் கட்டைத் திருத்த வந்த மேசன், அதை உடைத்து அத்திவாரத்துக்குப் போடலாம் என்றார். "வேணாம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூந்தோட்டத்தில வைப்பம்" என்றார் மாமா. புதையலுக்கு அடையாளமாக வைத்த கல் என்று அயலில் ஒருவர் சொன்னார்.

அவை ஆப்புக் குழிகள். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறுக்கிப் பிளப்பது நம் நாட்டில் பழங்காலம் முதல் இருந்த முறை. பிற்காலத்திலும் அது தொடர்ந்ததால், குழியை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையில் அதே அளவுக் குழிகளை அடிமட்டம் வைத்து அளந்து கண்டேன். கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு சான்று. மாமாவின் பூந்தோட்டத்துக்குப் போயிருந்தால் அந்தச் சான்று அறுந்துபோயிருக்கும். உம்மம்மாவிடம் இதைக் காட்டியபோது, "கல்லு இருந்த இடத்திலயே இருக்கட்டும் மகள்" என்றார். வாப்பா கிராம உத்தியோகத்தரிடம் தகவல் கொடுத்தார். கல் இன்றும் அங்கேயே இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

கல்லை நகர்த்தாதீர்கள். அடிமட்டம் ஒன்றை அருகில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். இடம், திசை, அளவு, பார்த்த நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். அக்கல்லைப் பற்றி ஊர் மூத்தவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். எழுத்துத் தெரியச் சுண்ணக்கட்டி பூசுவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் எழுத்தையே அழித்துவிடும். இருவர் தனித்தனியாக எழுத்துகளை வரைந்து பின்பு ஒப்பிட்டால், பார்க்க விரும்பியதைப் பார்த்தோமா, உள்ளதைப் பார்த்தோமா என்பது தெரிந்துவிடும். பிறகு தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றைத் தேடித் தோண்டுவதும் விற்பதும் நம் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போதும் மையவாடிகளைத் துப்புரவு செய்யும்போதும் பழைய மீஸான் கற்கள் அகற்றப்படலாம். அதற்கு முன் அவற்றிலுள்ள பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் படமெடுத்து எழுதி வையுங்கள். நம் முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்ததற்கு அவர்கள் கையாலேயே வெட்டி வைத்த சாட்சி அவை.

தோழியரே, கல்லைச் சேர்த்து வைக்க அலுமாரி தேவையில்லை. ஒரு கொப்பியும் அடிமட்டமும் போதும். கல் அதன் இடத்தில் இருக்கட்டும். அதன் விபரம் நம் கொப்பியில் இருக்கட்டும்.