ஒரே சரீரம், ஒரே வலி

வேதபாடம்: அப்போஸ்தலர் 11:19-30; 2 கொரிந்தியர் 8:13-15



என் பிள்ளை, என் வேலை, என் சுகம் என்று நம் ஜெபம் நீளுகிறது. இவற்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தில் ‘என்’ என்ற சொல்லே இல்லை. அப்பத்தைக்கூட ‘எங்களுக்கு’ என்றே கேட்கிறோம்.

கிலவுதியு இராயன் நாட்களில் வந்த பஞ்சத்தை அகபு என்னும் தீர்க்கதரிசி முன்னறிவித்தார். அதைக் கேட்ட அந்தியோகியா சபையார், யூதேயாவிலே தாங்கள் முகம் பாராத சகோதரருக்காக அவரவர் சக்திக்கேற்பப் பணம் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் அனுப்பினார்கள். அதே அதிகாரத்தைச் சற்று முன்னிருந்து வாசியுங்கள். பர்னபாவை அந்தியோகியாவுக்கு அனுப்பியதே எருசலேம் சபைதான். ஊழியர் அங்கிருந்து வந்தார். உதவி இங்கிருந்து போயிற்று. இன்று கொடுக்கிறவன் நாளை பெறுகிறவனாவான் என்பதே கொரிந்தியருக்குப் பவுல் காட்டும் நியாயம்.

மருத்துவ ஊழியத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தானாகவே அழுகி விழுவதாக அன்று பலரும் எண்ணினார்கள். அவர் கவனித்துக் கண்டது வேறு. உணர்ச்சியிழந்த கைகால்களில் சூடுபட்டாலும் முள் தைத்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. கவனிக்கப்படாத அந்தக் காயங்களே விரல்களை அழிக்கின்றன. ஆகவே மெத்தென்ற ரப்பர் செருப்பும், தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் சிகிச்சையின் பாகமாயின. 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களின் கால்களைக் காக்கவும் இதே அறிவு அங்கே பயன்பட்டது. நம் ஊர் ஏழைகளின் புண்பட்ட பாதங்கள் கற்றுத்தந்த பாடம் செல்வந்த நாட்டுக்குக் கொடையாகப் போயிற்று.

எனவே காணிக்கை அனுப்பும் அன்பர்களே, நாம் கொடுப்பவர் மட்டுமல்ல, பெற்றவர்களும்கூட. சபை கிறிஸ்துவின் சரீரம். தூரத்து அவயவம் காயப்படும்போது நமக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால், அது சுகத்தின் அடையாளமல்ல, மரத்துப்போனதின் அடையாளம்.

சிந்திக்க:

1. இந்த வாரக் குடும்ப ஜெபத்தில், நம் நாட்டுக்கு அப்பாலுள்ள யாருடைய வலியை நினைத்தோம்?

2. நாம் பெற்ற சுவிசேஷம், கல்வி, மருந்து ஆகியவற்றில் முகமறியாதவர்கள் தந்தவை எவை?

பிறர் வலியை உணரும் இருதயத்தைக் கர்த்தர் நம் யாவருக்கும் அருளுவாராக. ஆமென்.