கோழிக் கழிச்சலும் ‘உருமாறிய வைரஸ்’ என்ற நம்பிக்கையும்

தடுப்பூசி போட்ட கோழிகளே கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து செத்து விழும்போது பண்ணை வட்டாரத்தில் உடனே ஒரு பேச்சு கிளம்பும்: “வைரஸ் உருமாறிப்போச்சு, லசோட்டா இனி எடுபடாது.” கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்றும் பண்ணைகளில் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோயைப் பற்றிய நம்பிக்கைகளில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோடை வெயிலே கழிச்சலைக் கிளப்புகிறது என்பது போன்ற பழைய நம்பிக்கைகளுக்குப் பதில் சொல்வது எளிது. வைரஸ் இல்லாத இடத்தில் எந்த வெயிலும் இந்த நோயை உண்டாக்காது. உருமாற்றப் பேச்சுக்கோ அறிவியலின் சாயல் இருக்கிறது. மரபணு ஆய்வாளர்கள் புதிய மரபுவகைகளைக் கண்டறிந்துகொண்டிருப்பது உண்மைதான். அந்த ஆய்வுகளில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டதால் வந்த முடிவு இது. தடுப்பூசியே வீண் என்று கைவிடும் நிலைக்கு இது ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறது.

இந்த நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதலில் பதிவானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டு, நம் நாட்டில் அந்த ஊரின் பெயரைப் பெற்றது. இதற்குக் காரணமான வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 15,200 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை, அதில் ஆறு மரபணுக்கள். படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு இவ்வகை வைரஸ்களுக்குக் கிடையாது. ஆகவே எழுத்துகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். கோழிகளைத் தாக்கும் முக்கியப் பிரிவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மரபுவகைகள் இன்று வகுக்கப்பட்டுள்ளன. தடுப்பூசியாகப் பயன்படும் லசோட்டா 1940களில் அமெரிக்காவில் பிரிக்கப்பட்ட இரண்டாம் மரபுவகை வைரஸ். இந்தியப் பண்ணைகளில் அண்மைக் காலத்தில் பரவலாகக் கிடைப்பது பதின்மூன்றாம் வகை. ஏழாம் வகையும் கிடைத்திருக்கிறது. வகைக்கு வகை, ‘எஃப்’ மரபணுவில் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் விலகல் இருக்கும். இவ்வளவும் ‘உருமாறிப்போச்சு’ என்பவர்களுக்குச் சாதகமான சான்றுகள் என்றே தோன்றும். ஆனால் மரபுவகை என்பது எந்த வைரஸ் எதற்கு உறவு என்று காட்டும் வம்சாவளி. தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பணுக்கள் அந்த வைரஸை அடையாளம் காணுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இதுவரை கிடைத்த விடை தெளிவானது: ராணிக்கெட் வைரஸின் எல்லா மரபுவகைகளும் ஒரே ஊநீர்வகையைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பணு மற்றதையும் பிடிக்கிறது. ஐ.பி. எனப்படும் மூச்சுக்குழல் நோயில் நிலைமை வேறு. அங்கே ஊநீர்வகை மாறினால் பழைய தடுப்பூசியின் காப்பு உண்மையாகவே குறைந்துபோகும். அந்த நோயின் அனுபவத்தை இந்த நோய்க்கும் பொருத்திப் பார்ப்பதுதான் குழப்பத்தின் ஒரு வேர்.

வைரஸின் கொடுமையை நிர்ணயிக்கும் இடம் மிகச் சிறியது. எஃப் புரதம் கோழியின் செல்லுக்குள் வைரஸ் நுழையத் துணைபோவது; ஆனால் முதலில் அது ஓரிடத்தில் வெட்டுப்பட்டாக வேண்டும். லசோட்டாவில் அந்த வெட்டுமுனையில் கிளைசின், ஆர்ஜினின், குளூட்டமின், கிளைசின், ஆர்ஜினின் என்ற வரிசையும் அதையடுத்து லியூசினும் உள்ளன. டிரிப்சின் போன்ற நொதிகளால் மட்டுமே இதை வெட்ட முடியும். அவை இருப்பது மூச்சுப்பாதையிலும் குடலிலும். ஆகவே அந்த வைரஸ் அங்கேயே நின்றுவிடுகிறது. கொடிய வைரஸில் அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் நெருக்கமாக அமர்ந்து, லியூசினுக்குப் பதிலாக ஃபீனைல் அலனின் இருக்கும். இந்த வரிசையை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரின் உடலில் எங்கும் உண்டு. எனவே மூளை, மண்ணீரல், இரைப்பை என எல்லா இடத்திலும் வைரஸ் பெருகும். இறந்த கோழியை அறுத்தால் சுரப்பி இரைப்பையில் தெரியும் ரத்தப் புள்ளிகளும், உயிரோடிருக்கும் கோழியின் கழுத்துத் திருகலும் இதன் விளைவுகள். உலக விலங்குகள் சுகாதார அமைப்பு கொடிய வைரஸை வரையறுக்க இந்த வெட்டுமுனையையும் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. 1998இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நெடுங்காலம் தொல்லை தராமல் சுற்றிவந்த ஒரு சாது வைரஸில், வெட்டுமுனையில் இரண்டே எழுத்துகள் மாறின. கோழிகள் சாகத் தொடங்கின. அந்தக் கொடிய வைரஸும், ஆஸ்திரேலியாவிலேயே கிடைத்துத் தடுப்பூசியாகப் பயன்படும் ‘வி4’ வைரஸும் ஒரே முதலாம் மரபுவகைதான். வகை எண்ணை மட்டும் வைத்து வைரஸின் கொடுமையைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் தடுப்பூசி போட்ட பண்ணையில் கோழி ஏன் சாகிறது? இது நியாயமான கேள்வி. பண இழப்பின் வலியிலிருந்து வருவது. சோதனைக்கூடங்களில், லசோட்டா தந்து போதிய எதிர்ப்பணு அளவு வந்த கோழிகளுக்கு வேற்று மரபுவகையின் கொடிய வைரஸைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஆனால் அவற்றின் எச்சிலிலும் எச்சத்திலும் வைரஸ் வெளியேறியது. களத்து வைரஸின் மரபுவகையிலேயே செய்த தடுப்பூசி அந்த வெளியேற்றத்தை மேலும் குறைக்கிறது என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே புதிய தடுப்பூசிகளைக் கேட்பவர்கள் பக்கம் வலுவான காரணம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாவு என்பது பெரும்பாலும் போதிய எதிர்ப்பணு வராத கோழிகளின் கதை. நோய் ஒரு மந்தையில் பரவாமல் இருக்க நூற்றில் 85 கோழிகளுக்கு மேல் நல்ல எதிர்ப்பணு அளவு இருக்க வேண்டும் என்று 2008இல் வெளிவந்த ஒரு கணக்கீடு சொன்னது.

அந்த 85ஐ எட்டுவது எங்கே தவறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் மருந்து போடும் காலைப்பொழுதைக் கவனிக்க வேண்டும். உறையவைத்து உலர்த்திய மருந்து குப்பி குளிர்ச்சி கெடாமல் வந்து சேர்ந்திருக்க வேண்டும். குடிநீரில் கலந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. அதற்காகவே ஆடை நீக்கிய பால்பொடியைக் கலக்கச் சொல்கிறார்கள். கலந்த நீர் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். முரட்டுக் கோழிகள் முட்டிமோதிக் குடித்துவிட, நோஞ்சான்கள் ஒதுங்கி நின்றால் அவற்றுக்கு மருந்தே போகவில்லை. குஞ்சின் உடம்பில் தாய்வழி வந்த எதிர்ப்பணு அதிகமாக இருக்கும் நாளில் போட்டால், தடுப்பு வைரஸ் பெருகும் முன்பே அடக்கப்பட்டுவிடும். கும்போரோ நோய் தாக்கிய குஞ்சாக இருந்தால், எதிர்ப்பணுவை உண்டாக்கும் உறுப்பே சேதமாகியிருக்கும். இவற்றில் ஒன்றுகூட வைரஸின் மரபணுவில் எழுதப்பட்டதில்லை. பழியை ‘உருமாற்றத்தின்’ மேல் போட்டுவிட்டால் இவற்றைச் சரிபார்க்கும் வேலை நின்றுபோகிறது. அடுத்த தொகுதிக் குஞ்சுகளும் அதே குறையோடு வளர்கின்றன. இந்த நம்பிக்கையால் வரும் பெரிய சேதம் இதுதான்.

இதன் மறுபக்கமாக இன்னொரு பேச்சும் உண்டு: தடுப்பூசிதான் நோயைக் கொண்டுவந்தது என்பது. உயிருள்ள வைரஸை உடலில் விடுவதால் எழும் அச்சம் இது, அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ஆர்2பி’ வைரஸ் நடுத்தர வீரியம் கொண்டது. அதனால்தான் அதை எட்டு வாரம் அளவில், முன்பே லசோட்டா போன்ற மிதமான மருந்து பெற்ற கோழிகளுக்குப் போடுகிறார்கள். இளங்குஞ்சுக்குப் போட்டால் நோயும் சாவும் வரக்கூடும். லசோட்டாவுக்குப் பிறகு சில நாள் லேசான தும்மலும் மூச்சிரைப்பும் வருவது உண்டு. ஆனால் மந்தையே சாகும்போது குற்றவாளி யார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. செத்த கோழியின் மூச்சுக்குழல், மூளை, மண்ணீரல் மாதிரிகளில் எஃப் மரபணுவின் வெட்டுமுனைத் துண்டை மட்டும் பெருக்கிப் படித்தாலே அது லசோட்டாவா, களத்து வைரஸா என்று தெரிந்துவிடும். வெறும் பி.சி.ஆர். ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் போதாது. தடுப்பூசி போட்ட கோழியில் அது தடுப்பு வைரஸாகவே இருக்கலாம்.

நாட்டுக்கோழிக்கு இந்த நோய் வராது என்பதைப் பற்றி இரண்டு வரி சொன்னால் போதும். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிகளைக் கூண்டோடு காலி செய்வதில் இதற்கு இணையான நோய் குறைவு. தமிழக அரசு கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துவதும், குளிர்பெட்டி எட்டாத ஊர்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெப்பம் தாங்கும் ‘டி58’ வைரஸைத் தீவனக் குருணையில் சேர்த்து வாய்வழி மருந்தாக்கியதும் அதனால்தான்.

மரபணு ஆய்வின் மெய்யான வலிமை நோய் எங்கிருந்து வந்தது என்று சொல்வதில் இருக்கிறது. 2002–03இல் கலிபோர்னியாவில் இந்த நோய் பரவி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க நேர்ந்தது. வரிசைகளை ஒப்பிட்டபோது கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா வைரஸ்கள் நெருங்கிய உறவு என்றும், அதே காலத்தில் டெக்சாஸில் தோன்றியது தனியாக நுழைந்த வேறொரு வைரஸ் என்றும் தெரிந்தது. எந்த வழியை அடைக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடுதான் காட்டும். நம் பண்ணைகளிலும் சாவு தொடங்கியதும் புதைக்கும் முன் மாதிரி எடுத்து அனுப்பினால், கூடவே பிழைத்த கோழிகளின் ரத்தத்தில் எதிர்ப்பணு அளவையும் பார்த்தால், இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். களத்து வைரஸ் இருந்து எதிர்ப்பணு அளவு மந்தையில் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது மருந்து கலந்த தண்ணீரையும் குளிர்பெட்டியையும். எல்லாக் கோழியிலும் அளவு நன்றாக இருந்தும் சாவு தொடர்ந்தால் மட்டுமே தடுப்பூசி பொருந்தவில்லையோ என்ற கேள்வியை எழுப்ப இடமுண்டு.