முப்பது வயதிலும் முகப்பருவா? மலைநாட்டு வீடுகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

பட்டிப்பொல 1,890 மீற்றருக்கு மேல் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் இல்லை. காலையில் கை விறைக்கும், பதினொரு மணி வெயிலில் முகம் எரியும். இந்தக் குளிரில் பரு வராது என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் இருபத்தைந்து, முப்பது தாண்டிய பெண்கள் பலருக்குத் தாடையிலும் வாயைச் சுற்றியும் பரு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு அடிப்படை ஹார்மோனும் பரம்பரையும். அவற்றைப் பழக்கவழக்கத்தால் மாற்ற முடியாது. பருவைக் கிளறிவிடும் காரியங்களை மட்டும் நிச்சயம் குறைக்கலாம்.

1. தேயிலைக் கொழுந்துக்கூடையின் கயிறு தலையில் அழுத்தும் இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். நெற்றியிலும் மயிரோரத்திலும் வரிசையாகப் பரு இருந்தால் உராய்வும் வியர்வையும் அதற்குக் காரணமாக இருக்கலாம். விளையாட்டு வீரர்களுக்குத் தலைக்கவசத்தின் பட்டி படும் இடத்தில் வருவதும் இதே வகைப் பருதான். கயிற்றுக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வையுங்கள். அந்தத் துணியைத் தினமும் துவையுங்கள். நேற்றைய வியர்வை காய்ந்த துணியை இன்றைக்கும் கட்டினால் பலன் இல்லை.

2. கம்பளித் தொப்பி, மஃப்ளர், தலையணை உறை மூன்றையும் வாரம் ஒருமுறையாவது துவையுங்கள். மழைக்காலத்தில் காயாது என்பது தெரிந்ததே. இரண்டு செட் இருந்தால் ஒன்று அடுப்படிக் கொடியில் காயும்போது மற்றதைப் போடலாம்.

3. தேங்காயெண்ணெய் முடிக்கு நல்லது. ஆனால் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் முன் தலை நிறையத் தடவினால் அது வியர்வையோடு நெற்றிக்கு இறங்கித் துவாரங்களை அடைக்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவி, பிறகு அலசிவிடுங்கள். பனிக்கு முகம் வெடிக்கிறது என்று அதே எண்ணெயை முகத்தில் பூசுவதையும் பரு உள்ளவர்கள் நிறுத்த வேண்டும். துவாரத்தை அடைக்காது என்று உறையில் போட்டிருக்கும் மெல்லிய கிரீமே போதும்.

4. உடுப்புத் துவைக்கும் சவர்க்காரம் முகத்துக்கு வேண்டாம். கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரும் வேண்டாம். இரண்டும் தோலை வறளவைத்து எரிச்சலைக் கூட்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில், மென்மையான சவர்க்காரத்தால், காலையும் மாலையும் கழுவினால் போதும். பீர்க்கங்கூட்டால் தேய்க்காதீர்கள், பரு அழுக்கால் வருவதில்லை.

5. இந்தக் குறிப்பை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். சந்தையிலும் சில்லறைக் கடையிலும் சின்னக் குப்பியில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்களைத் தொடாதீர்கள். தயாரித்தவர் பெயரோ சேர்த்த பொருட்களின் பட்டியலோ இல்லாமல், ஒரு வாரத்தில் முகம் பளிச்சிட்டால் அதில் ஸ்டீரொய்ட் மருந்தோ பாதரசமோ கலந்திருக்கலாம். ஸ்டீரொய்ட் முதலில் பருவை அடக்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, சிவந்து, முன்பைவிடக் கடுமையாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, அதனாலேயே பலர் மறுபடியும் வாங்கிப் பூசுகிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுபவரின் துவாயிலும் கையிலும் ஒட்டி வீட்டுக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கலந்த அழகுக் கிரீம்களை உலகச் சந்தையிலிருந்தே அகற்றச் சொல்கிறது. இப்படி ஒன்றைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் குப்பியோடு டொக்டரிடம் போங்கள். கறுப்பு ஒரு நோய் அல்ல. அதற்கு மருந்து தேடப் போய் முகத்தைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பார்க்க வயிறு எரிகிறது.

6. சாப்பாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது சீனி. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தேத்தண்ணி குடிக்கிறோம். ஒவ்வொரு கோப்பைக்கும் இரண்டு கரண்டி என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறினால் இன்சுலின் கூடும், அது எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும். மெல்பேணில் 43 இளைஞர்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீனியை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை, கரண்டியைக் குறையுங்கள். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி என்றிருப்பதை மாற்றி, ஒரு வேளைக்குக் குரக்கன் ரொட்டியோ, அவித்த கௌபியோ, பருப்போ வையுங்கள். இந்தப் பக்கத்தில் விளையும் லீக்ஸ், கரட், கோவா எல்லாம் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. நம் சட்டியிலும் கொஞ்சம் தங்கட்டும்.

தேங்காய்ச் சம்பல்மேல் பழி போட வேண்டாம். பப்புவா நியூகினியின் கித்தாவா தீவில் 1,200 பேரைப் பார்த்த ஆய்வாளர்கள் ஒருவரிடமும் பரு காணவில்லை என்று 2002இல் எழுதினார்கள். கிழங்கு, பழம், மீனோடு தேங்காயும் அவர்களின் அன்றாட உணவு.

7. அம்பேவெலப் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது. பால் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் கொழுப்பு நீக்கிய பாலில் கூடுதலாக. ஒரு மாதம் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் பழையபடி குடியுங்கள். கர்ப்பிணிகள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

8. உயரம் ஒவ்வொரு 1,000 மீற்றர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. பரு போன இடத்தில் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்பதற்கு இந்த வெயிலும் ஒரு காரணம். சன்ஸ்கிரீன் விலை எல்லோருக்கும் கட்டாது. அகலமான தொப்பியோ, முகத்தை மறைக்கும்படி இழுத்துக் கட்டிய தலைத்துண்டோ நல்ல பாதுகாப்புத் தரும்.

9. கிள்ளாதீர்கள், நசுக்காதீர்கள். பற்பசையும் தேசிக்காய்ச் சாறும் தோலைப் புண்ணாக்கும். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் நின்றால் கொப்புளமே வரும்.

10. பாமசியில் பென்சாயில் பெரொக்சைட் 2.5 சதவீத ஜெல் கேளுங்கள். அதிக வீரியமுள்ளது தோலை எரிக்குமே தவிர அந்த அளவுக்குக் கூடுதல் பலன் தராது. இரவில் பரு வரும் இடம் முழுக்க மெல்லியதாகப் பூசுங்கள். துணியில் பட்டால் சாயம் போகும், அதனால் பழைய தலையணை உறை போடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாலு நாளில் கைவிடுவதால்தான் பலருக்கு மருந்து பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது.

11. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், மேலுதட்டிலும் தாடையிலும் ரோமம் கூடினால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியும், கையில் வைக்கும் குச்சியும் சிலருக்குப் பருவைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், வேறு முறை இருக்கிறது.

12. வலிக்கும் கட்டி, தழும்பு விடும் பரு என்றால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்த வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் பார்க்கக் காசு இல்லை. அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் தழும்பு விழுந்தால் அதை எடுப்பது லேசில்லை. பூசிய கிரீம், குடித்த மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பிள்ளைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பருவுக்குத் தரும் சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.