மோரின் புளிப்பும் சோடா ரொட்டியும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (வேதியியல்)

ரொட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? காய்ச்சலில் கிடந்தவருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் துண்டு ரொட்டியும், தேநீர்க் கடைக் கண்ணாடிப் புட்டியில் உட்கார்ந்திருக்கும் பன்னுந்தான். ரொட்டி என்பது கடையில் வாங்கும் பொருள்; வீட்டில் செய்யும் பொருளன்று என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற மார்கழி மாதத்தில் ராஜகுளத்தில் எங்கள் வீட்டு விறகடுப்பில் ஒரு ரொட்டியைச் சுட்டுக் கெடுத்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. அது எப்படிக் கெட்டது, பின்னர் எப்படித் திருந்தியது என்பதே இக்கட்டுரை.

முதலில் காரணத்தைக் கூறிவிடுகிறேன். என் தாயார் மாலை வேளையில் சாலையோரத்தில் போண்டா சுட்டு விற்பவர். மைதா மாவை மோர் விட்டுக் கரைத்து, சோடா உப்பு போட்டுச் செய்யும் போண்டா. ஆண்டு முழுவதும் யாரும் குறை சொன்னதில்லை. மார்கழி பிறந்தால் மட்டும், "இன்னாக்கா, போண்டா கசக்குது" என்று இரண்டொருவர் முகம் சுளிப்பார்கள். சென்ற ஆண்டு அது இரண்டொருவரோடு நிற்கவில்லை. ஒரு வாரம் பாதித் தட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அன்றிரவு அம்மா என்னைப் பார்த்து, "ரெண்டு வருசமா பஸ்ஸு ஏறிப் போறியே, போண்டா ஏன் கசக்குதுன்னு உன் புஸ்தகத்துல போடலியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் உறுத்தியது.

போண்டாவில் மிளகு உண்டு, வெங்காயம் உண்டு, காய்ந்த எண்ணெய் உண்டு. கசப்பு எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கடினம். சோடாவும் மோரும் மாவும் மட்டுமே சேர்ந்த பண்டம் ஒன்று கிடைத்தால் ஆராய்வது எளிதாகும் அன்றோ? அப்படி ஒன்று ஒரு சமையற் குறிப்பில் அகப்பட்டது. அதுவே அயர்லாந்து நாட்டுச் சோடா ரொட்டி.

அயர்லாந்து நமக்கு அறவே தொடர்பில்லாத நாடன்று. 1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அந்நாட்டவரே. அங்கு விளைந்த கோதுமை மென்மையானது, புரதம் குறைந்தது. ஈஸ்ட் போட்டு மணிக்கணக்கில் பொங்க வைக்கும் ரொட்டிக்கு மாவில் இழுவை வேண்டும். அந்த இழுவையைத் தருவது கோதுமையின் புரதமே. மென்கோதுமை அதற்கு அவ்வளவாக ஒத்து வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமையல் சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், அயர்லாந்தின் ஏழைக் குடியானவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புளித்த மோர் வீட்டில் உண்டு, மாவு உண்டு, உப்பு உண்டு. சோடா மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும். 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்கு அழுகி, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்ட கொடும்பஞ்சத்தைக் கண்ட நாடு அது. அத்தகைய நாட்டில் இந்த எளிய ரொட்டி வேரூன்றியதில் வியப்பில்லை.

அவர்களிடமும் ரொட்டி அடுப்பு இல்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கனத்த இரும்புப் பானையில் மாவை வைத்து மூடி, கீழே நெருப்பும், மூடியின் மேல் தணலுமாகச் சுட்டார்கள். இது நமக்குத் தெரியாத வித்தையா? தம் பிரியாணித் தேக்சாவின் மூடியில் தணலைக் கொட்டுவதும் இதே முறைதான்.

விசேட நாட்களில் இந்த ரொட்டியில் உலர்ந்த திராட்சையைச் சேர்ப்பது அவர்கள் வழக்கம். வெள்ளை மாவில் அங்கங்கே கறுப்பாகத் தெரிவதால் அதற்குப் 'புள்ளி நாய்' என்று பொருள்படும் பெயரும் உண்டாம். தின்னும் பண்டத்துக்கு நாயின் பெயரா என்று என் தங்கை சிரித்தாள். ஆனால், திராட்சை போட்டால்தான் தின்பேன் என்று அடம் பிடித்தவளும் அவளே.

முதல் ரொட்டி

கால் கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை, 150 மில்லி லிட்டர் மோர் ஆகியவற்றைக் கலந்து உருட்டி, உச்சியில் கத்தியால் சிலுவைக் குறிபோல் ஆழமாகக் கீறினேன். நடுப்பகுதிக்கும் வெப்பம் சென்று ரொட்டி சீராக விரிவதற்காகவே இந்தக் கீறல். அது குட்டிப் பேய்களை வெளியேற்றும் என்பது அவ்வூர்ப் பாட்டிமார்களின் நம்பிக்கை. கனமான அலுமினியச் சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மேலே தட்டு வைத்து, அதில் ரொட்டியை வைத்து மூடித் தணலைக் கொட்டினேன்.

முக்கால் மணி கழித்துத் திறந்தால், ரொட்டி அழகாக உப்பியிருந்தது! வீடே கூடி நின்றது. பிட்டுப் பார்த்தோம், உள்ளே வெளிர் மஞ்சள் நிறம். வாயில் போட்டதும் சோப்பு நாற்றமும் கசப்பும். தங்கை திராட்சையை மட்டும் பொறுக்கித் தின்றாள். அம்மா மென்று பார்த்துவிட்டு, "இதேதான், இதே கசப்புத்தான்" என்றார். ரொட்டி கெட்டதில் எனக்கு வருத்தமில்லாமற் போயிற்று. போண்டாவின் நோய் ரொட்டியிலும் வந்துவிட்டதே!

நோய் இன்னதென்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆரத்தி நீர் சிவப்பதும் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி, காரத்தில் சிவக்கும் இயல்புடையது. மஞ்சள் கரைத்த நீரில் ஒரு வெள்ளைத் தாளை நனைத்துக் காய வைத்து, அதன்மேல் ஈர ரொட்டித் துண்டை அழுத்தினேன். தாள் செங்காவியாகச் சிவந்தது. ஆகவே ரொட்டியில் காரம் மிஞ்சியிருந்தது. மாவு மஞ்சளாகத் தோன்றியதற்கும் அதுவே காரணம். மைதாவில் இயல்பாக உள்ள சில நிறமிகள் காரம் பட்டால் மஞ்சள் நிறங் கொள்ளும்.

காரம் ஏன் மிஞ்சியது? சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். மோரின் புளிப்பு லாக்டிக் அமிலம். இரண்டும் கூடினால் சோடாவில் அடங்கிய கரியமில வாயு முழுவதும் வெளியேறும், மாவு உப்பும், எஞ்சும் சோடியம் லாக்டேட்டில் கசப்பில்லை. கணக்குப்படி 84 கிராம் சோடாவுக்கு 90 கிராம் லாக்டிக் அமிலம் வேண்டும். ஏறக்குறைய எடைக்கு எடை. அமிலம் போதாவிட்டால் என்ன ஆகும்? சோடா சும்மா இராது. வெப்பத்தால் தானே சிதைந்து, தன்னிடமுள்ள வாயுவில் பாதியை வெளிவிட்டு, மீதியைத் தக்கவைத்துக்கொண்டு சோடியம் கார்பனேட்டாக மாறும். அதாவது, சலவைச் சோடா!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1861-இல் பெல்ஜியம் நாட்டு எர்னஸ்ட் சால்வே காப்புரிமை பெற்ற முறையில், உப்புநீர், அம்மோனியா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றிலிருந்து முதலில் கிடைப்பது பைகார்பனேட்டே. அதைச் சூளையில் சுட்டுத்தான் சலவைச் சோடா ஆக்குகிறார்கள். பாடப் புத்தகத்தில் இதைப் பத்து மதிப்பெண் வினாவாக நெட்டுருப் போட்டிருக்கிறேன். அதே வினை என் அலுமினியச் சட்டியில் திராட்சையோடு நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை!

பியூரெட்டில் மோர்

எங்கள் வேதியியல் ஆசிரியரின் அனுமதியோடு, ஒரு சிறு புட்டியில் வீட்டு மோரைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். 10 மில்லி மோரைப் பிப்பெட்டில் எடுத்து, பீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பத்தில் ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்ஸைடைப் பியூரெட்டிலிருந்து இறக்கினேன். 2.8 மில்லியிலேயே இளஞ்சிவப்பு நிலைத்துவிட்டது. ஒரு மில்லிக்கு 0.009 கிராம் லாக்டிக் அமிலம் என்ற கணக்கில், நூறு மில்லி மோரில் கால் கிராம் அமிலந்தான் இருந்தது. அதே நாளில், தண்ணீர் விடாமல் இரண்டு நாள் புளிக்க வைத்த கெட்டித் தயிரையும் பார்த்தேன். அதற்கு 12 மில்லி இறங்கியது. நூற்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். நான்கு மடங்குக்கும் அதிகம்!

பிழை அங்கேதான் இருந்தது. அயர்லாந்துக் குறிப்பில் மோர் என்று கண்டதும் எங்கள் வீட்டு நீர்மோரை ஊற்றிவிட்டேன். அவர்கள் மோர் கெட்டியானது, புளித்தது. நம் மோரோ, வெயிலுக்குக் குடிப்பதற்காகத் தண்ணீர் விட்டுப் பெருக்கியது. நான் ஊற்றிய 150 மில்லியில் 0.4 கிராம் அமிலங்கூட இல்லை. நான் போட்ட சோடாவோ சுமார் 5 கிராம்! மிஞ்சிய 4.6 கிராமும் சிதைந்திருந்தால், ரொட்டியில் 3 கிராம் அளவுக்குச் சலவைச் சோடா சேர்ந்திருக்கும். அப்படியும் ரொட்டி உப்பியது ஏன்? பாதி வாயு கிடைத்தாலும், போட்ட சோடா மிக அதிகம் ஆதலால் அந்தப் பாதியே போதுமானதாயிற்று. கண்ணுக்கு நன்றாகவும் நாவுக்குக் கேடாகவும் அமைந்தது இதனால்தான். இன்னும் உப்ப வேண்டுமானால் இன்னும் சோடா போடு என்று கடைக்காரர்களும் நம் வீட்டுப் பெண்களும் நினைப்பதும் இதனால்தான்.

மார்கழியின் மர்மமும் விளங்கிற்று. குளிரில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் மெல்லவே வேலை செய்யும். மோரில் புளிப்பு ஏறாது. புளிப்பு ஏறாத மோரில் மாவு உப்பாது. உப்பவில்லை என்று அம்மா இன்னும் ஒரு சிட்டிகை சோடாவைக் கூட்டுவார். அமிலம் குறைந்த வேளையில் காரம் கூடியது.

இரண்டாம் ரொட்டிக்கு அந்தப் புளித்த தயிரையே கடைந்து 180 கிராம் எடுத்தேன். அதிலுள்ள அமிலம் ஏறத்தாழ 1.9 கிராம்; அது 1.8 கிராம் சோடாவை முறிக்கும். மாவிலும் சிறிதளவு புளிப்பு இருப்பதால் 2 கிராம் போட்டேன். அரைத் தேக்கரண்டியை நிரப்பாமல் சற்றுக் குறைத்து எடுத்தால் இந்த அளவு வரும். இதிலிருந்து வரும் வாயு அரை லிட்டருக்குக் குறையாது. கால் கிலோ மாவுக்கு அது தாராளம். தயிர் பட்டவுடனேயே வாயு வெளிவரத் தொடங்கிவிடும். ஆகையால் பிசைந்துகொண்டிருக்கக் கூடாது. மாவு ஒன்றுசேர்ந்தால் போதும். சட்டி முன்பே சூடாகியிருக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அடித்துப் பிசைந்தால் வாயுவும் போகும், ரொட்டியும் தோலாகும்.

திராட்சையிலும் முதல்முறை தவறியிருந்தேன். உலர்ந்தபடியே போட்டால், அது பக்கத்து மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரில் அரைமணி ஊறவைத்துத் துணியில் ஒற்றிப் போட வேண்டும். மேற்பரப்பில் துருத்தி நிற்பவற்றை விரலால் உள்ளே அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை கருகி, வேறொரு கசப்பைக் கொண்டுவரும். திராட்சையில் டார்டாரிக் அமிலம் உண்டு. நம் புளியிலும் அதுவே மிகுதி. புளிக்கரைசலைக் கொண்டு சோடாவை முறித்துப் பார்க்கும் ஆசை ஒன்று எனக்குண்டு. திராட்சை ரொட்டியில் அதைச் செய்ய அம்மா விடவில்லை.

முக்கால் மணிக்குப்பின் எடுத்து, அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தேன். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல் 'டொக்' என்று வெற்றொலி கேட்டால் வெந்துவிட்டது என்று பொருள். கேட்டது. உள்ளே வெண்மை. மஞ்சள் தாளில் அழுத்தினேன். தாள் மஞ்சளாகவே இருந்தது. முதல் ரொட்டி அளவுக்கு இது உயரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அன்றிரவே தீர்ந்துபோயிற்று.

நம் சமையலுக்கு இக்கணக்கு புதிதன்று. ரவையைத் தயிரில் ஊறவைத்துச் சிட்டிகை சோடா சேர்த்து ஆவியில் வைக்கும் ரவா இட்லி, இந்தச் சோடா ரொட்டிக்கு உடன்பிறப்பே. அருகில் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயில் இட்லியோ இன்னும் ஒரு படி மேல். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவைப் புளிக்க வைத்து, மந்தாரை இலை இட்ட மூங்கிற் குடலையில் வேக வைக்கிறார்கள். அங்கே அமிலத்தையும் வாயுவையும் நுண்ணுயிர்களே உண்டாக்குவதால், சோடாவுக்கு இடமே இல்லை. ஆனால் அதற்குப் பொழுது வேண்டும். மாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டியவருக்கு அந்தப் பொழுது ஏது?

அம்மா இப்போது மோரில் தண்ணீர் விடுவதில்லை. குளிர் நாளில் முதல்நாள் தயிர்ச்சட்டியை அடுப்பங்கரை ஓரத்தில் வைக்கிறார். தைப் பொங்கலுக்குப் பிறகு தட்டு காலியாகவே வீடு திரும்புகிறது. அது மோர் மாறியதாலா, குளிர் குறைந்ததாலா என்பதை அடுத்த மார்கழிதான் சொல்ல வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை சிறு புட்டியில் மோரை ஊற்றி என் பையில் வைத்து அனுப்புகிறார். மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னைக்கு எத்தினி எறங்குச்சு?" என்று கேட்கிறார். நேற்று ஒன்பதரை என்றேன்.