பனங்காட்டில் குடும்பம் தொடங்கும் உனக்கு

மக்கா, கல்யாணம் முடிந்த கையோடு அப்பாவின் பனங்காட்டையும் வீட்டையும் உன் பொறுப்பில் எடுத்திருக்கிறாய். சந்தோஷம். இந்தத் தேரி மண்ணில் நான் படித்த பாடம் ஒன்றுதான். இங்கே நமக்குக் கிடைப்பதெல்லாம் கர்த்தர் கொடுப்பது. நன்றியோடு வாங்கத் தெரிந்தவனுக்கே கொடுக்கவும் தெரியும். கீழே சொல்வதெல்லாம் அதன் விரிவுதான்.

1. ஜெபித்துவிட்டு வேலைக்கு இறங்கு. என் அப்பா மரத்தடியில் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார். ஜெபம் நாலு வார்த்தைக்கு மேல் போகாது. பிறகு காலில் மாட்டும் தளைநாரை இழுத்துப் பார்ப்பார். நார் இற்றிருந்தால் அன்று ஏறமாட்டார். "நாரைப் பார்க்காமல் ஏறுவது விசுவாசம் இல்லை, கர்த்தரைச் சோதிக்கிறது" என்பார். பக்தி உன்னைக் கவனமுள்ளவனாக ஆக்கட்டும்.

2. யாரும் பார்க்காத இடத்தில் உண்மையாயிரு. கலயத்துக்குள் தடவுகிற சுண்ணாம்பு வெளியே தெரியாது. தடவினால் பதநீர், விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் ஓடிய காலத்தில் எங்கள் வீட்டுக்கும் வியாபாரி ஒருவர் யோசனை சொன்னார். அம்மா அடுப்படியில் பாகைக் கிண்டிக்கொண்டே, "திங்கப் போறது யார் வீட்டுப் பிள்ளையோ" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்திக்குத் திங்கட்கிழமை வியாபாரம்தான் சாட்சி.

3. உதிர்ந்ததை எண்ணாதே. வயல் ஓரத்தை முற்ற அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி லேவியராகமம் கட்டளையிடுகிறது. ரூத் கதிர் பொறுக்கியது அந்தக் கட்டளையின் நிழலில்தான். நம் காட்டில் உதிர்ந்த பனம்பழத்தைப் பொறுக்க வரும் பாட்டியையும் பிள்ளைகளையும் விரட்டாதே. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முதல் கருப்பட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவாய். ஏலத்தில் அதற்கு நல்ல விலையும் போகும். மரத்தடியில் அந்தப் பாட்டிக்கு நீ விட்டுக்கொடுப்பதும் காணிக்கைதான்.

4. வெட்டுமுன் மேலே பார். பனை உழவாரன் என்று ஒரு சின்னக் குருவி உண்டு. பனையோலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். கீழேயிருந்து பார்த்தால் ஓலையில் ஏதோ அழுக்கு ஒட்டியது போலத்தான் இருக்கும். அப்பா ஓலை கழிக்கும்போது அந்த ஒரு ஓலையை மட்டும் தொங்க விட்டுவிட்டு இறங்கிவருவார். கூரைக்கு ஓலை குறைகிறதே என்று நாங்கள் கேட்டால், "குஞ்சு பறக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்பார். அடைக்கலான் குருவிக்கும் கணக்கு வைத்திருக்கிற பிதாவை நாம் ஆராதிக்கிறோம். அவர் பார்க்கிற இடத்தை நாமும் பார்த்துப் பழக வேண்டும்.

5. கோபத்தை வைத்துக்கொண்டு குடும்ப ஜெபத்துக்கு உட்காராதே. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவர் ஓர் எல்லைப்பனைக்காகப் பேச்சை விட்டுவிட்டார்கள். வீட்டு ஜெபத்துக்கு வந்த உபதேசியார் இருவர் முகத்தையும் பார்த்தார். வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். விளக்கில் எண்ணெய் குறைந்தது. பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். கடைசியில் தம்பிதான் எழுந்துபோய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன் பிறகே பாட்டுத் தொடங்கியது. உன் மனைவியிடமும் அப்படியே இரு. முதலில் எழுந்து போகிறவன் சிறுத்துப்போவதில்லை.

6. மழை பொய்த்தால் அழு. அழுகையை அவரிடம் கொண்டுபோ. கஷ்டம் வந்தால் முகத்தைச் சிரித்தபடி வைத்திருப்பதுதான் பக்தி என்று சிலர் சொல்வார்கள். நம்பாதே. சங்கீதங்களைத் திருப்பிப் பார், எத்தனை புலம்பல்! பாளை காய்ந்த ஒரு வருஷம் அம்மா காதில் கிடந்த கம்மலை விற்று அரிசி வாங்கினாள். அன்று இரவு அவள் ஜெபத்தில் "ஏன் ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மறுநாள் விடியலில் வழக்கம்போல, கோயில் காணிக்கைக்கென்று வைத்த பிடியரிசிக் கலயத்தில் ஒரு கைப்பிடி போட்டாள். கேள்வியும் கீழ்ப்படிதலும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்று நான் அறிந்தது அன்றுதான்.

7. பொறுத்திரு, பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் பொறுத்திரு. பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதற்குமுன் ஆண் பனையா பெண் பனையா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டிலும் பதநீர் உண்டு. நுங்கு பெண் பனையில் மட்டும். நாளை உனக்குப் பிறக்கும் பிள்ளையைப் பத்து வயதில் எடைபோட்டு, இவன் உதவமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதே. ஒரு நாள் உன் பிள்ளைகளை இடையன்குடிக்கு அழைத்துப்போய், பொறுமைக்குச் சாட்சியாக அங்குள்ள கோயிலைக் காட்டு. மிஷனரி கால்டுவெல் அந்த ஊருக்கு வந்தது 1841-இல், வாலிபனாக. அவர் கட்டிய அந்தக் கோயில் பிரதிஷ்டையானது 1880-இல். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது.

இந்தப் புரட்டாசியில், மழைக்கு முன்னால், காட்டின் மேற்கு ஓரத்தில் கொஞ்சம் பனங்கொட்டை ஊன்றிவை. முளை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். ஓலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். முளைக்கவில்லையே என்று தோண்டிப் பார்க்காதே. அந்த மரத்தில் ஏறப்போவது உன் பிள்ளையாக இருக்கலாம், அயல் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். யாராயிருந்தாலும் சரி என்று நினைத்து ஊன்று. கர்த்தர் உன்னோடிருப்பாராக.