அழகர் அக்கரையில், நாங்கள் இக்கரையில்

மதுரை விமான நிலையத்தில் இறங்கினால் காரியாபட்டி வீட்டுக்கு அரைமணி நேரம்தான். மதுரை ஊருக்குள் கால் வைக்காமலே வந்துவிடலாம். பதினான்கு வருஷமாகச் சிங்கப்பூரிலிருந்து அப்படித்தான் வந்து போகிறேன். அந்த வசதிதான் 2024 சித்திரைத் திருவிழாவில் எனக்கு வினையாக வந்து நின்றது. முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற மதுரை, அழகர் வைகை ஆற்றில் இறங்குகிற ராத்திரியிலும் அதே முப்பது கிலோமீட்டரில்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

என்னோடு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஈப்போக்காரர், அவருடைய தாத்தா அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலேறியவர். மற்ற இருவர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைச் சீன நண்பரும் அவர் மனைவியும். "வெளிநாட்டு ஆட்களை எதுக்கு இழுத்துட்டு வர்ற?" என்று மச்சான் போனிலேயே கேட்டார். அவருக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். அவர்கள் வீட்டுச் சீனப் புத்தாண்டுக்குப் பத்து வருஷமாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்களைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவது?

விசா, டிக்கெட் எல்லாம் வழக்கம்போலத்தான். தேதி விஷயத்தில் மட்டும் நான் தப்பு செய்யவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமி கணக்கு. 2023-ல் மே 5, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. போன வருஷத் தேதியைப் பார்த்து லீவு போட்டுவிட்டு, வந்து இறங்கும்போது வெறும் ஆற்றைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கோயில் பத்திரிகை வரட்டும் என்று காத்திருந்தால் டிக்கெட் விலை எங்கேயோ போய்விடும்.

ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டு டிவியில் பார்த்தோம். அக்கா அந்த நேரத்துக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துச் சீன நண்பரின் மனைவி கேட்ட கேள்விகளுக்கு அக்கா தமிழிலேயே பதில் சொல்ல, இருவருக்கும் எல்லாம் புரிந்த மாதிரிதான் தெரிந்தது. மறுநாள் காலை தேர். தெற்கு மாசி வீதியில் போய் நின்றோம், கண் நிறையப் பார்த்தோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினோம். தேர் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் எனக்குத் தைரியம் கூடிவிட்டது.

அம்மா அதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தாள். "தேரப் பாத்த கையோட தல்லாகுளம் போயிருங்கப்பா. எதிர்சேவை பாத்துட்டு, செல்லூர்ல சின்னம்மா வீட்ல தலய சாய்ச்சுட்டு, வெள்ளனவே ஆத்துக்கு எறங்கலாம். நானும் வாரேன்." மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு கும்பிடுவதுதான் எதிர்சேவை. என் பதிலைப் பாருங்கள்: "கார்ல டிரைவர் தம்பியோட அஞ்சு பேரும்மா. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினா மூணு மணிக்கு ஆத்துல நிப்போம். நீ டிவில பாரு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எவர்சில்வர் செம்பு ஒன்றைக் கழுவித் துடைத்து, நாட்டுச்சர்க்கரையை விளிம்பு வரை அமுக்கி, வாய்க்கு வாழையிலை வெட்டி மூடி நூலால் கட்டினாள். மேலே ஒரு சூடக்கட்டி. "சாமி வரும்போது கொளுத்திக் காமிங்க" என்று அதைச் சீன நண்பரின் மனைவி கையில் கொடுத்தாள். வருஷா வருஷம் அவளே ஏந்திய செம்பு அது. சின்ன வயசில் நானும் அவளோடு போனவன்தான். ஊரே லாரியில் ஏறிப் போய் ஆற்றங்கரையில் மொட்டை போட்டு வந்ததுகூட ஞாபகம் இருந்தது. எந்தக் கரையில் என்பதுதான் மறந்துபோனது.

என் மொத்தத் தவறும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. காரியாபட்டி வைகைக்குத் தெற்கே. அழகர் வருவது வடக்கே அழகர்மலையிலிருந்து. வழி நெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வந்து, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஆண்டாளின் மாலையைச் சூடிக்கொண்டு, தங்கக் குதிரையில் கோரிப்பாளையம் தாண்டி ஆழ்வார்புரம் பக்கம் ஆற்றில் இறங்குகிறார். அந்த மாலை நம் விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முந்தின நாளே வடகரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாலைக்குத் தெரிந்த வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். வில்லாபுரம் தாண்டி வண்டி நகரவில்லை. இறங்கி நடந்தோம். தெற்கு வாசல், விளக்குத்தூண், யானைக்கல் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. முன்னால் ஏ.வி. பாலம், அதன் மேல் ஒரே மனிதத் தலை. பாலத்தைக் கடந்தால்தான் வடகரை. அதில் ஓர் அடி எடுத்து வைக்க வழியில்லை. சிங்கப்பூர் தைப்பூசத்தில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிக்கு நேரம் பதிந்து, தடுப்புக்குள் ஒழுங்காக நடந்து பழகிய உடம்பு எனக்கு. குறித்த நேரத்துக்குப் போனால் குறித்த இடம் கிடைக்கும் என்ற நினைப்பு என்னையறியாமல் உள்ளே ஊறியிருந்தது.

ஆறு மணியை ஒட்டி "கோவிந்தா" என்று ஒரு சத்தம் எழுந்தது. அது காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் அடித்தது. எனக்கு முன்னால் தூக்கிப் பிடித்த செல்போன்கள். பக்கத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த சிறுமி, "குதிரக் காது தெரியுது, குதிரக் காது தெரியுது" என்று கத்தினாள். பச்சைப் பட்டு என்பதைக் கூட்டத்தின் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். பச்சை என்றால் மழை, வெள்ளாமை நன்றாயிருக்கும் என்று பக்கத்து ஆள் விளக்க, ஈப்போக்காரர் எக்கி எக்கிப் பார்த்தார். அவருக்கு அந்தக் காதுகூடக் கிடைக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு நெருக்கு வந்தது. சீன நண்பரின் மனைவிக்கு மூச்சு வாங்கியது. நான் உடனே எல்லோரையும் ஓரச் சந்துக்குள் இழுத்தேன். "அங்கேயே நின்னிருந்தா கொஞ்ச நேரத்துல கூட்டம் விட்டிருக்கும், பாத்திருக்கலாம்" என்று மச்சான் இன்றைக்கும் சொல்கிறார். 2022-ல் இதே இறக்கத்தில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்துப்போனார்கள். என்னை நம்பி வந்தவர்களை நான் அதில் நிறுத்த மாட்டேன். அழகரைப் பார்க்காமல் திரும்பியதற்கு நான் வருத்தப்படலாம், ஆனால் அந்தச் சந்துக்குள் ஒதுங்கியதற்கு ஒருநாளும் வருத்தப்பட மாட்டேன். மச்சான் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சிக்னல் இல்லாததால் டிரைவர் தம்பியைப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆகவே கூட்டம் சேரும் முன்பே சந்திக்கிற இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தமுக்கம் வாசல் நல்ல இடம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் பார்த்தது செம்பைத்தான். நூல் அவிழவில்லை, சூடம் அப்படியே இருந்தது. வாழையிலை மட்டும் வாடிச் சுருங்கியிருந்தது. "போகுது, சாமி எங்க போகப்போறாரு, நாளைக்கும் அங்கதான இருப்பாரு" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிற பலருக்கும் தெரியாத விஷயம் அவள் சொன்னதுதான். ஆற்றில் இறங்கியதோடு விழா முடிந்துவிட்டது என்று அன்று சாயங்காலமே விமானம் ஏறுகிறார்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகர், கல்யாணம் முடிந்துபோனது என்று கேள்விப்பட்டு, ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பதுதான் ஊர்ச்சனம் சொல்லும் கதை. முன்பு அழகர் தேனூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், திருமலை நாயக்கர்தான் பதினேழாம் நூற்றாண்டில் மீனாட்சி கல்யாணம், அழகர் இறங்குவது என்ற இரண்டு விழாவையும் ஒன்றாக்கினார் என்கிறார்கள். கதை எதுவானாலும், இறங்கிய பிறகும் மூன்று நாள் அவர் வைகைக் கரையிலேயே இருக்கிறார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கிறார். அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். அடுத்த இரவு பூப்பல்லக்கு.

24-ஆம் தேதி சாயங்காலம் அம்மாவைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்தேன். ஈப்போக்காரர், "நான் பஸ்ஸில் வருகிறேன், மாட்டுத்தாவணியில் இறங்கிக்கொள்கிறேன்" என்று தானே சொன்னார். அந்தக் குணத்துக்காகவே அவரை அடுத்த முறையும் கூட்டி வருவேன். அம்மா சொன்ன வழியில் வில்லாபுரம் போகாமல், மண்டேலா நகரில் ரிங் ரோட்டில் திரும்பி, விரகனூரில் ஆற்றைக் கடந்து வடகரை போனோம். காரியாபட்டி, மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற எல்லோருக்கும் இதுதான் வழி. ஆற்றை ஊருக்குள் கடக்காதீர்கள், ஊருக்கு வெளியிலேயே கடந்துவிடுங்கள். முடிந்தால் எதிர்சேவை அன்றே கடந்து, வடகரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். தென்கரையில் நல்ல லாட்ஜ் கிடைத்தாலும் வேண்டாம்.

ராமராயர் மண்டபத்தைச் சுற்றி ஜமுக்காளம், பாய், சேலை விரித்துக் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். கருப்பசாமி வேஷம் கட்டிய ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஆட்டுத்தோலில் செய்த தோப்பரை. தோல் பையின் வாயில் சின்னப் பித்தளைக் குழாய். உள்ளே தண்ணீரை அடைத்து அமுக்கினால் நூல் மாதிரி பீய்ச்சுகிறது. குதிரையில் வந்த சாமிக்குக் களைப்புத் தீர அதைத்தான் அடிப்பார்களாம். இப்போது சிலர் மோட்டார் வைத்து அடிப்பதைச் சொல்லி அவர் வேதனைப்பட்டார். அந்த வேகத்தில் அடித்தால் சாமிக்கும் வலிக்கும், பட்டருக்கும் வலிக்கும் என்றார். சீன நண்பர் தோப்பரையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

திரை விலகும், மச்சாவதாரம். "கோவிந்தா" என்று கூட்டம் எழும்பும், சற்று நேரத்தில் திரை விழும், எல்லோரும் படுத்துவிடுவார்கள். மறுபடி மேளம், கூர்மம். அம்மா ஒவ்வொன்றையும் விரல் விட்டுச் சொன்னாள். ராமர் வந்தபோது சீன நண்பரின் மனைவி அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனார். அம்மா எழுப்பவில்லை, முந்தானையால் கொசு விரட்டிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணருக்குத் திரை விலகும் முன்னால்தான் தோளைத் தட்டினாள். "ஏத்தா, எந்திரி, செம்ப எடு." புது வாழையிலை, புதுச் சூடம். தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. நான் கொளுத்தினேன். செம்பைப் பிடித்திருந்த அந்தக் கைகளுக்குக் கீழே அம்மா தன் கையையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.