செயலிக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: ஊடாட்ட வடிவமைப்பு படிக்கிறேன். செயலி வடிவமைக்கத் தெரிகிறது. ஆய்வுக் கட்டுரை எழுத வரவில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: ஜெராக்ஸ் நிறுவனத்தில் மானிடவியலாளர் லூசி சச்மன் செய்ததைப் பாருங்கள். உதவிக் குறிப்பு காட்டும் நகல் இயந்திரத்தை இருவர் இருவராக இயக்கச் சொன்னார். அவர்கள் பேச்சையும் தடுமாற்றத்தையும் வீடியோ எடுத்து வரிவரியாக ஆராய்ந்தார். மனிதர்கள் திட்டத்தைப் பிசகாமல் பின்பற்றுவதில்லை, சூழலுக்கேற்பச் செயல்படுகிறார்கள் என்ற அவரது வாதம் 1987-இல் நூலானது.

உங்களுக்கோ வாசலிலேயே கிரிவலப் பாதை! பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடக்க வந்தவர் கைபேசி வரைபடத்தை நம்புகிறாரா, பூக்காரம்மாவிடம் வழி கேட்கிறாரா? அனுமதி பெற்றுக் கவனியுங்கள். பார்த்ததைத் தனியாகவும் ஊகித்ததைத் தனியாகவும் அன்றிரவே எழுதிவிடுங்கள். கட்டுரையில் ஆய்வுமுறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். முன்னுரை கடைசியில் வரட்டும்.